காட்டு மரத்துக்கு வயல் வைத்தியம் வேண்டாம்

முதன்முதலில் சந்தனக் கன்று வைத்தபோது நான் செய்யாத சேவை இல்லை. சுற்றிலும் ஒரு புல் விடாமல் கொத்தினேன், வட்டப் பாத்தி கட்டினேன், தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள டிஏபி உரத்தைக் கை நிறையப் போட்டேன், நாள் தவறாமல் தண்ணீர் விட்டேன். தக்காளியாக இருந்தால் காய்த்துத் தள்ளியிருக்கும். சந்தனமோ மஞ்சளடித்து, வைத்த உயரத்திலேயே நின்றது. நாற்றங்கால்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “பக்கத்துல எதையுமே விட்டுவைக்கலையா சார்?”

சந்தனம் பாதி ஒட்டுண்ணி. பச்சை இலை இருப்பதால் மாவுச்சத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். ஆனால் தழைச்சத்து (நைட்ரஜன்) போன்றவற்றைத் தன் வேரால் மட்டும் திரட்டிச் செழிக்க அதற்கு வராது. பக்கத்துச் செடியின் வேரைத் தேடிப் போய், சின்னப் பொத்தான் மாதிரி ஓர் உறிஞ்சு உறுப்பை அதன்மேல் பதித்து, உள்ளே ஓடும் சாற்றில் பங்கு வாங்கும். விதையிலிருந்த சேமிப்பு தீரும்வரை தனியாகவே வளரும். அதனால்தான் ‘நல்லாத்தானே வந்தது, திடீரென்று என்ன ஆச்சு’ என்று பலரும் குழம்புகிறார்கள். பையில் இருக்கும்போதே பொன்னாங்கண்ணி, நிலத்துக்கு வந்ததும் துவரை, நீடித்து நிற்கச் சவுக்கு மாதிரி ஒரு மரம் என்று துணை வைப்பார்கள். துவரைக்கும் சவுக்குக்கும் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்கள் வேரிலேயே குடியிருக்கின்றன. அவற்றோடு சேர்ந்தால் சந்தனம் தேறுவதில் ஆச்சரியமில்லை. பொன்னாங்கண்ணி, சந்தனக் கன்றை மூடும் அளவுக்குப் படர்ந்தால் மட்டும் நறுக்கிவிடுங்கள். பிடுங்க வேண்டாம்.

காடு அடர்த்தியாக இருந்தால் மண்ணும் வளமாக இருக்கும் என்று நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. அமேசானில் மரத்தை வெட்டி எரித்து விதைத்தவர்களுக்குச் சாம்பல் கொடுத்த விளைச்சல் சில வருடங்களிலேயே படுத்துவிட்டது. காலங்காலமாக மழை கழுவிய மண் அது. அங்கே பெரும்பாலான இடங்களில் சத்து மரத்திலும் சருகிலும்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. மெல்லிய வேர்கள் மேலாகவே பாய் விரித்த மாதிரி படர்ந்து, விழுந்த இலை மக்க மக்க வாங்கிக்கொள்கின்றன. மழையோடு போகும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) ஈடுகட்டுவது சகாராவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி வரும் தூசி. அதில் வருடத்துக்குச் சுமார் 22,000 டன் மணிச்சத்து வந்து விழுவதாக 2015-ல் செயற்கைக்கோள் தரவை வைத்துக் கணக்குப் போட்டார்கள்.

இதைத் தெரிந்துகொண்டால் தோப்பில் சருகைக் கூட்டிக் கொளுத்த மனசு வராது. மரம் இலையை அப்படியே உதிர்த்துவிடுவதில்லை. பழுக்கும்போதே அதிலிருக்கும் தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஏறக்குறைய பாதியைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. மஞ்சள் நிறம் அந்த வேலை நடப்பதற்கு அடையாளம். மிச்சம்தான் கீழே விழுகிறது. அதையும் எரித்தால் தழைச்சத்து புகையோடு போகும், சாம்பல்சத்து (பொட்டாசியம்) முதல் மழையோடு ஓடும். கரையான் பயம் இருந்தால் சருகு தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் பரப்பினால் போதும்.

சரி, உரம்? செம்மண்ணுக்கு நிறம் கொடுக்கும் இரும்பே மணிச்சத்தையும் கட்டிப் பிடித்துக்கொள்ளும். மணிச்சத்து மண்ணில் நகர்வதும் மிகக் குறைவு. வேர் எட்டாத இடத்துக்கு முடியைவிட மெல்லிய இழைகளை நீட்டி அதை எடுத்து வருவது வேரில் குடியிருக்கும் பூஞ்சை. கூலி, மரம் கொடுக்கும் சர்க்கரை. வேளாண் கடைகளில் ‘வேம்’ என்று விற்பது இந்தப் பூஞ்சையைத்தான். வேமையும் வாங்கிப் போட்டு, மேலே டிஏபியையும் கொட்டுவது காசுக்குப் பிடித்த கேடு. மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் மரம் பூஞ்சைக்குக் கூலியைக் குறைத்துவிடும். தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் பாங்க்சியா என்ற மரவகை இன்னும் ஒரு படி மேலே. குஞ்சம் குஞ்சமாக வேர்விட்டு, அமிலத்தைக் கசியவிட்டு, மண்ணில் இறுகிக் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்தெடுக்கும். கிடைப்பதையெல்லாம் உறிஞ்சியே பழகியதால், மணிச்சத்து அதிகமுள்ள சாதாரணத் தோட்ட உரம் போட்டால் இலை கருகிச் செத்தே போகலாம்.

அப்புறம் இந்த வேர்முடிச்சு விவகாரம். சவுக்கு வேரில் பவளக் கொத்து மாதிரி இருப்பதை நோய் என்று நறுக்கி எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்னே சொன்ன, தழைச்சத்து பிடிக்கும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் வீடு அது. நூற்புழு என்ற நுண்ணிய மண்புழுவினம் அல்லாத வேர்ப்பூச்சி தாக்கிய வேரும் முண்டும் முடிச்சுமாகத் தெரியும் என்பதால் வரும் குழப்பம் இது. துவரையிலோ புங்கனிலோ சந்தேகம் வந்தால் விரலால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், உதிர்ந்து கையோடு வரும். நூற்புழு என்றால் வேரே வீங்கியிருக்கும், உதிராது. துவரை முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அந்த நிறம் தெரிந்தால் வேலை நடக்கிறது. சவுக்கு முடிச்சு கட்டைபோல் கெட்டி, நகத்துக்கு மசியாது. கொத்தாகக் கிளைத்திருந்தால் அப்படியே மண்ணை மூடிவிடுங்கள்.