சலூனில் நாற்காலி வாடகை: இருவருக்கும் கட்டுப்படியாகும் கணக்கு

நான்கு வருடம் அடுத்தவர் சலூனில் ஒரு நாற்காலிக்கு வாடகை கொடுத்து முடி வெட்டியவன் நான். பிறகு சொந்தமாக நான்கு நாற்காலி போட்டு, மூன்றை வாடகைக்கு விட்டேன். இரண்டு பக்கமும் உட்கார்ந்தபோது செய்த தப்பு ஒன்றுதான். "மற்ற கடையில் எவ்வளவு வாங்குகிறார்கள்?" என்று விசாரித்து, அந்தத் தொகைக்கே பேசி முடித்துவிட்டேன். அந்தக் கடைக்காரரின் கரண்ட் பில் என்ன, டவலை யார் துவைக்கிறார்கள், முடிக்குப் போடும் கலர் யார் செலவு, எதுவும் எனக்குத் தெரியாது.

கடை பிடிப்பது, உரிமம் எடுப்பது எல்லாம் இந்தப் பதிவில் இல்லை. கடை தயார், தனியாகத் தொழில் செய்யும் ஸ்டைலிஸ்ட் ஒருவர் பேச வந்திருக்கிறார், அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

படி 1: ஒரு நாற்காலியின் அடக்கம்

கட்டட வாடகை, மின்சாரம், தண்ணீர், டவல் சலவை, இணையம், காப்பீடு, துப்புரவு என ஒரு மாதச் செலவு எல்லாவற்றையும் கூட்டுங்கள். கணக்குக்காக மொத்தம் 1200 என்று வைத்துக்கொள்வோம். நாற்காலி 4. ஆக ஒன்றுக்கு 300.

இதில் உங்கள் சொந்த நாற்காலியும் சேர வேண்டும். நான் முதலில் மூன்றால்தான் வகுத்தேன். என் பங்கையும் மற்ற மூவர் தலையில் கட்டியிருக்கிறேன் என்று எனக்கே உறைக்க ஆறு மாதம் ஆனது.

நாற்காலி வருடம் முழுக்க நிரம்பியிருக்காது. 12 மாதத்தில் 10 மாதம்தான் ஆள் இருக்கும் என்று எடுத்தால், வருட அடக்கம் 3600-ஐ 10-ஆல் வகுக்க வேண்டும்: 360. அதன் மேல் பத்து சதவீதம் உங்கள் லாபம் வைத்தால் 396. 400 என்று முழுமையாக்கிக்கொள்ளுங்கள். காலி மாதங்களை இப்படி முன்பே கணக்கில் எடுத்துவிட்டால், ஒருவர் விலகினார் என்று மற்றவர்களின் வாடகையை ஏற்ற வேண்டி வராது.

படி 2: எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பாருங்கள்

ஒரு ஹேர்கட்டில் செலவு போக ஸ்டைலிஸ்ட் கையில் 10 நிற்கிறது என்றால், வாடகைக்கு மட்டும் 40 ஹேர்கட் வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு பேர் வந்தால் ஏழாவது நாளில் வாடகை தேறிவிடும். மாதம் 22 நாள் வேலை செய்பவருக்கு இது பரவாயில்லை. வேலை நாட்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்கே போனால் அவர் நிலைக்க மாட்டார் என்பது என் அனுபவம். நான்கு பேர்தான் வருவார்கள் என்றால் பத்து நாள் போய்விடும். அப்படிப்பட்டவரிடம் முழு வாடகை பேசுவது வீண்.

படி 3: நிலையான வாடகையா, சதவீதமா?

சொந்தமாக கஸ்டமர் வைத்திருப்பவருக்கு நிலையான வாடகை நல்லது. புதிதாக வருபவருக்கு முதல் மூன்று மாதம் சதவீதம், அப்புறம் நிலையான தொகை. கடைக்கு 40 சதவீதம் என்று வைத்தால், மாத வசூல் 1000 வரும்போது அது 400 ஆகிறது. அதற்குக் கீழே சதவீதம் ஸ்டைலிஸ்டுக்கு லாபம், அதற்கு மேலே நிலையான வாடகை லாபம். இந்தக் கோட்டை இருவரும் முதல் நாளே பார்த்துவிட்டால் பிறகு மனஸ்தாபம் வராது.

என்னைக் கவிழ்த்தது சதவீதம்தான். அப்போதைய முதலாளியிடம் "60-40, உனக்கு 60" என்று பேசி கை குலுக்கினேன். எதன் மேல் 60 என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு கலர் பில் 100 என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கலரும், அதோடு கலக்கும் டெவலப்பர் திரவமும் 25. மாதக் கடைசியில் அவர் 100-லிருந்து 40 எடுத்துக்கொண்டார். என் 60-ல் கலர் செலவு 25 போக மிச்சம் 35. வேலை செய்தது நான், வாங்கி வைத்தது நான், ஆனால் அவருக்கு 40, எனக்கு 35! கலர் செலவை முதலில் கழித்திருந்தால் 75-ல் எனக்கு 45, அவருக்கு 30 வந்திருக்கும். அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். பேசியபடிதான் எடுத்தார், பேச்சே அரைகுறை.

அதனால் "சரக்குச் செலவு கழித்தபின் மீதியில்" என்று எழுத்தில் வரவேண்டும். அந்தச் செலவை அளப்பது எப்படி? கண்ணளவை நம்ப வேண்டாம். சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி, கலர் கலக்கும் இடத்திலேயே வையுங்கள். கிண்ணத்தை வைத்து பூஜ்யமாக்கி, கலரைப் பிதுக்கி, கிராமைக் குறித்துக்கொண்டால் முடிந்தது. வேர்ப்பகுதி மட்டும் பூச 60 கிராம் டியூபில் பாதி போதும் என்றால், பில்லில் பாதி விலைதான் ஏற வேண்டும். மீதிப் பாதியை நான் வாலைச் சுருட்டி, கிளிப் போட்டு, பெயர் எழுதி என் டிராயரில் வைப்பேன். பெயர் எழுதாத டியூபுக்குக் கால் முளைத்துவிடும்.

கணக்கு எழுத நோட்டுப் புத்தகம் வேண்டவே வேண்டாம். ஒருவர் கையில்தான் இருக்கும், தண்ணீர் பட்டால் போச்சு. இருவரும் திறந்து பார்க்கக்கூடிய கூகுள் ஷீட் போதும். சலூன்களுக்கென்றே விற்கும் மென்பொருள்களை இரண்டு மூன்று பார்த்தேன், நான்கு நாற்காலிக்கு அதெல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி அல்ல, சோளப்பொரிக்கு யானை.

படி 4: எழுத்தில் வரவேண்டியவை

வாடகைக்குள் என்னென்ன அடக்கம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்: எத்தனை டவல், தலை அலசும் பேசினில் ஷாம்பூ யாருடையது, தரையில் விழுந்த முடியை யார் பெருக்குவது. முன்பதிவு இல்லாமல் உள்ளே வருபவரை யார் எடுப்பது என்பதும் முக்கியம். என் கடையில் சுழற்சி முறை. கஸ்டமர் பணத்தை ஸ்டைலிஸ்டே நேரடியாக வாங்கிக்கொள்வது நல்லது. கடைக் கல்லாவில் விழுந்தால் வாரம் ஒரு முறை கணக்குத் தீர்த்துவிடுங்கள்.

விலகுவதற்கு இரு பக்கமும் நான்கு வாரம் நோட்டீஸ். வருடத்தில் நான்கு வாரம் விடுப்புக்கு வாடகை இல்லை. படி 1-ல் கணக்கில் எடுத்த காலி மாதங்களுக்குள்ளேயே இது அடங்கிவிடும். கஸ்டமர் தொலைபேசி எண்கள் அவரவருடையவை. "விலகினால் சுற்றுவட்டாரத்தில் தொழில் செய்யக் கூடாது" என்ற நிபந்தனை வைக்கும் முதலாளியிடம் நான் கையெழுத்துப் போட மாட்டேன். கலர் போடுவதற்கு 48 மணி நேரம் முன்பு செய்யும் அலர்ஜி சோதனையை யார் செய்வது, பதிவு யாரிடம் இருப்பது என்பதை வெறும் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். தோல் வீங்கிய பிறகு பேசினால் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். கஸ்டமருக்குப் பாதிப்பு வந்தால் ஈடு கட்டும் பொறுப்புக் காப்பீடு ஸ்டைலிஸ்ட் பெயரிலும் தனியாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இது முதலாளிகளுக்கு. எத்தனை மணிக்கு வரவேண்டும், என்ன விலை வாங்க வேண்டும், எந்த நாள் விடுப்பு என்றெல்லாம் நீங்களே சொன்னால், அவர் வாடகைக்கு இருப்பவர் அல்ல, உங்களிடம் வேலை பார்ப்பவர். பல நாடுகளில் சட்டம் ஒப்பந்தத்தின் தலைப்பைப் பார்ப்பதில்லை, நடைமுறையைத்தான் பார்க்கும். கடை திறக்கும் நேரத்தை நீங்கள் சொல்லலாம், அதற்குள் அவர் எப்போது வருவார் என்பது அவர் பாடு.

பின்சேர்க்கை: படித்த ஒருவர் கேட்டிருந்தார், "வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருபவருக்கு வாடகை எப்படி?" நான் முதலில் 400-ஐ 22-ஆல் வகுத்து நாள் வாடகை 18 என்று வைத்தேன். தப்பு. எல்லோரும் சனி, ஞாயிறு மட்டும் கேட்டார்கள், செவ்வாய்க்கிழமை நாற்காலி ஈ ஓட்டியது. இப்போது கூட்ட நாளுக்கு 26, மற்ற நாளுக்கு 15.

இன்னொருவர் பேசின் தகராறு பற்றி எழுதியிருந்தார். நான்கு நாற்காலிக்கு ஒரே பேசின் என்றால் கலர் அலசும் நேரம் மோதும். எங்கள் கடையில் பேசின் மேலே ஒரு வெள்ளைப் பலகை. கலர் பூசி முடித்தவுடன் அலச வேண்டிய நேரத்தை அதில் எழுதிவிடுவோம், அந்த நேரத்தில் பேசின் அவருக்கு. மார்க்கர் காணாமல் போகும், நூல் கட்டித் தொங்கவிடுங்கள்.