ஏழு கல் தோடு எடுக்கும் முன்: வைரத்தைப் பார்க்கும் முறை

திருநெல்வேலியில் பெண்ணுக்கு வைரத் தோடு எடுக்கும் வீடுகளில் முதலில் கேட்பது "எத்தனை சென்ட்?" என்று எடையைத்தான். அதைக் கடைசியில் கேளுங்கள்.

முதலில், தோட்டில் கட்டுவதற்கு முன்பே உதிரிக் கல்லாகக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் ஆச்சியின் தோடு கல்லின் பின்புறத்தை மூடிக் கட்டியது. உள்ளே தகடு வைத்து மினுக்கத்தைக் கூட்டியிருந்தார்கள். அப்படிக் கட்டிவிட்டால் கல்லின் குணம் யாருக்கும் பிடிபடாது. ரத வீதிக் கடைக்குக் காலையிலேயே போய், வாசலருகே நேர் வெயில் படாத வெளிச்சத்தில் பாருங்கள். கடை விளக்கில் கண்ணாடிச் சில்லுகூட ஜொலிக்கும்.

அடுத்தது நீரோட்டம், அதாவது கல்லுக்குள் ஒளி ஓடும் விதம். அது பட்டை தீட்டியதைப் பொறுத்தது. இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். நிறமும் குற்றமும் கல்லோடு பிறந்தவை. பட்டை மட்டும் மனிதன் தீட்டியது. மேலிருந்து நுழையும் ஒளி அடிப்பட்டைகளில் மோதி மேலேயே திரும்ப வேண்டும். கல்லை இடுக்கியில் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். முகப்புக்குள் (மேலே உள்ள பெரிய தட்டைப் பட்டை) மீன்கண் போலச் சாம்பல் வளையம் தெரிந்தால் உயரம் குறைந்த கல். நடுவில் இருட்டு அடைத்திருந்தால் உயரம் கூடிய கல். இரண்டையும் தள்ளிவிடுங்கள், எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும்.

பிறகு நிறம். வெள்ளைத்தாளை மடித்து, அந்தப் பள்ளத்தில் கல்லைக் கவிழ்த்துப் பக்கவாட்டில் பாருங்கள். நிறத்தின் தரத்தை ஆங்கில எழுத்தில் சொல்வார்கள். 'டி' என்றால் நிறமே இல்லை. 'இசட்' நோக்கிப் போகப் போக மஞ்சள் ஏறும். மஞ்சள் தங்கத்தில் பதிக்கும் கல்லுக்கு 'டி' தேடுவது வீண்செலவு. 'ஜி', 'எச்' போதும் என்பேன்.

குற்றம் பார்க்கப் பத்து மடங்கு லென்ஸ் வேண்டும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லை ஓர் அங்குலத்துக்குக் கொண்டுவாருங்கள். மற்றக் கண்ணை மூடாதீர்கள். காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று நம் முன்னோர் குற்றங்களை வகை பிரித்தார்கள். இன்று அவை லென்ஸில் எவ்வளவு தெரிகின்றன என்று பார்த்து, மிகக் குறைவானதிலிருந்து வி.வி.எஸ்., வி.எஸ்., எஸ்.ஐ. என்று தரம் போடுகிறார்கள். முதல்முறை நான் கண்டுபிடித்த கரும்புள்ளி, துணியால் துடைத்ததும் போய்விட்டது. ஆகவே துடைத்த பிறகு பாருங்கள்.

இப்போது எடை. ஒரு காரட் 200 மில்லிகிராம், அதாவது 100 சென்ட். ஜோடியில் பதினான்கு கல் சேர்ந்து 2 காரட் என்றால் ஒவ்வொன்றும் சுமார் 14 சென்ட்தான். ஒற்றைக் கல் 2 காரட்டின் விலையோடு அதை ஒப்பிடக் கூடாது.

ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரமே, ஆனால் விலை மிகக் குறைவு. லென்ஸுக்கும் கடைகளில் வைக்கும் சோதனைப் பேனாவுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆய்வகச் சான்றிதழ் கேளுங்கள். பெரிய கல்லானால் அதன் இடுப்பு விளிம்பில் லேசரில் பொறித்த எண் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று லென்ஸில் பாருங்கள்.

ராசி பார்க்க மூன்று நாள் கல்லை வீட்டுக்குத் தந்தால் மறுக்காதீர்கள். தலையணைக்கு அடியில் வைத்துக் கனவு காண்பது அத்தையின் விருப்பம். நீங்கள் காலையில் முற்றத்திலும், இரவில் அடுப்படி டியூப்லைட்டிலும் ஒருமுறை சாய்த்துப் பார்த்துவிடுங்கள்.