யாழ் நகர நடுவில் மலிவு அறை: நித்திரைக்கு வழி கண்ட விதம்

போதனா வைத்தியசாலையில் அம்மாவைப் பார்க்க வேண்டியிருந்ததால், ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் ஒரு சின்ன விடுதியில் தங்கினேன். வாடகை கட்டுப்படியானது, நடந்தே போய்வரலாம். சிக்கல் நித்திரைதான். விடியமுன்னமே பஸ் நிலையத்து ஹோர்ன், "பருத்தித்துறை, பருத்தித்துறை" என்று ஆள் கூப்பிடும் சத்தம். யன்னலைப் பூட்டினால் வெக்கை.

வரவேற்பில் நின்ற தம்பியிடம், "பின்பக்கம் அறை ஏதும் இருக்கோ?" என்று கேட்டேன்.

"இருக்கு அண்ணை, ஆனா ஏசி இல்லை, ஃபான் மட்டும்தான்."

"பரவாயில்லை, ஒருக்கா காட்டுங்கோ."

யன்னல் வளவுப் பக்கம் திறந்தது. நல்ல வேப்பமரக் காத்து, வாடகையும் குறைவு. கதவுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்ததும் விறாந்தைச் சத்தமும் அடங்கியது. அம்மாவுக்குப் பக்கத்தில் தெளிந்த தலையோடு இருக்க அந்த நித்திரை எனக்குப் பெரிய உதவி. அறை பார்க்கேக்க ஜெனரேட்டர் எங்கே நிற்குது என்றும் பாருங்கோ. பின்பக்கம் என்றால் பிரயோசனமில்லை.

சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணி, சவர்க்காரம் லேசில் நுரைக்காது. குடிக்கப் போத்தல் தண்ணி வாங்கினேன்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் நகரம் நிரம்பிவிடும். அப்ப வருவதென்றால் முன்னமே போன் எடுத்து, பின்பக்க அறை வேணும் என்று சொல்லியே பதியுங்கோ.