பட்ஜெட் விமானம்: திட்டிக்கொண்டே ஏறுபவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்

பட்ஜெட் விமானங்களைப் பற்றி என்னிடம் ஒரே கருத்து கிடையாது. டிக்கெட் எடுக்கும்போது கும்பிடத் தோன்றும். போர்டிங் கேட்டில் நிற்கும்போது வாயில் வருவதை இங்கே எழுத முடியாது. அடிக்கடி பறப்பவர்கள் பலரும் இப்படித்தான். இறங்கும்போது "இனிமேல் இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்பார்கள், அடுத்த மாதம் அதே நிறுவனத்தில் டிக்கெட் எடுத்திருப்பார்கள். அந்தக் கடுப்பில் பாதி நிறுவனங்களின் கறாரால் வருவது. அதை நாம் மாற்ற முடியாது. மீதிப் பாதி நாமே தேடிக்கொள்வது.

டிக்கெட் ஏன் மலிவு என்று தெரியாமல் ஏறுவதிலிருந்தே சிக்கல் தொடங்கிவிடுகிறது. பாதுகாப்பில் மிச்சம் பிடிக்கிறார்களோ என்று பலருக்கு உள்ளூர ஒரு பயம். பராமரிப்பு, விமானிகளின் பயிற்சி, பறக்கும் நேர வரம்பு எல்லாவற்றிலும் ஒரு நாட்டின் பெரிய நிறுவனத்துக்கு என்ன விதியோ அதுதான் பட்ஜெட் நிறுவனத்துக்கும். ஐரோப்பாவின் பெரிய பட்ஜெட் நிறுவனங்களான, 1985-ல் பறக்கத் தொடங்கிய ரையன்ஏரும் 1995-ல் தொடங்கிய ஈஸிஜெட்டும் பயணிகள் உயிரிழந்த விபத்தைச் சந்தித்ததில்லை.

மிச்சம் பிடிப்பது வேறு இடத்தில். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் 1971-ல் டெக்சாஸில் பறக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே பணமுடை வந்து, இருந்த நான்கு விமானங்களில் ஒன்றை விற்க வேண்டியதாயிற்று. ஆனால் கால அட்டவணையைக் குறைக்கவில்லை. மூன்று விமானங்களை வைத்தே ஓட்ட, தரையிறங்கிய விமானத்தைப் பத்தே நிமிடத்தில் மறுபடி கிளப்பினார்கள். இன்றைய பட்ஜெட் விமானத் தொழிலின் அடிப்படை அதுதான். ஒரே ரக விமானம், நெருக்கமான இருக்கைகள், தரையில் நிற்கும் நேரத்தைக் கசக்கிப் பிழிவது. பத்து நிமிடம் இப்போது யாராலும் முடியாது. 25-லிருந்து 30 நிமிடம் என்பதே பல நிறுவனங்களின் இலக்கு.

அந்த 25 நிமிடத்தைக் கண்ணாடிச் சுவருக்கு இப்பால் நின்று ஒரு தடவை பாருங்கள். முன்கதவு, பின்கதவு இரண்டிலும் ஏணி. கடைசிப் பயணி இன்னும் இறங்கியிருக்க மாட்டார், பணிப்பெண் குப்பைப் பையோடு இருக்கை இருக்கையாக வந்துகொண்டிருப்பார். தனியாகத் துப்புரவு ஆட்கள் வருவதில்லை. பல நிறுவனங்களில் விமானத்தில் பறக்கும் ஊழியர்களே சுத்தமும் செய்வார்கள். ரையன்ஏர் இருக்கைகள் பின்னால் சாயாது, முன்னால் பை கிடையாது. சாயாத இருக்கை ரிப்பேராகாது, இல்லாத பையில் குப்பை சேராது. கீழே ஒரு பக்கம் எரிபொருள் குழாய், இன்னொரு பக்கம் பெட்டிகள் இறங்கி ஏறும். அடுத்த பயணத்துக்கான கூட்டம் அதற்குள் கேட்டைத் தாண்டிப் படிக்கட்டில் நிற்கும். இந்த ஓட்டத்தில் உங்கள் பெட்டி ஐந்து செ.மீ. பெரிதாக இருந்தால் "பரவாயில்லை, போங்கள்" என்று சொல்ல அங்கே யாருக்கும் நேரமும் இல்லை, அதிகாரமும் இல்லை.

இதைப் புரிந்துகொண்டால் இன்னொன்றும் விளங்கும். ஒரே விமானம் காலையிலிருந்து இரவுவரை ஐந்தாறு தடவை பறக்கிறது. நடுவில் மூச்சு விட இடமில்லை என்பதால் காலையில் நாற்பது நிமிடம் தாமதமானால் அது கடைசிப் பயணம் வரை தொற்றிக்கொண்டே போகும். அதனால் முக்கியமான காரியத்துக்கு இரவின் கடைசி விமானத்தை எடுக்காதீர்கள். அது ரத்தானால் அன்றைக்கு வேறு வழியே இல்லை. விடியற்காலை முதல் விமானம் முந்தைய இரவே வந்து நின்றிருக்கும், எழுந்திருப்பதுதான் கஷ்டம். பகல் விமானம் என்றால், ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலியில் உங்களுக்கான விமானம் இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். அது இன்னும் முந்தைய ஊரிலேயே கிளம்பாமல் நின்றால், அறிவிப்புப் பலகை "சரியான நேரம்" என்று சொன்னாலும் நம்ப வேண்டாம்.

முதல் திரையில் தெரியும் விலை

தேடும்போது முதலில் தெரியும் விலை உங்களுக்கானது இல்லை. கையில் சின்னப் பையோடு, எந்த இருக்கை கிடைத்தாலும் சரி என்று, எதையும் வாங்கிச் சாப்பிடாமல் போகும் ஒருவருக்கான விலை அது. அமெரிக்காவில் ஃபிரான்டியர், ஸ்பிரிட் போன்ற நிறுவனங்களின் வருமானத்தில் பாதிக்கு மேல் டிக்கெட்டுக்கு வெளியே வசூலிக்கும் கட்டணங்களிலிருந்து வந்திருக்கிறது. ரையன்ஏருக்கு அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆக, பெட்டியையும் சேர்த்துக் கூட்டிய பிறகே மற்ற நிறுவனத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டு பெரிய பெட்டியோடு போகும் குடும்பத்துக்குப் பல சமயம் பெரிய நிறுவனத்தின் டிக்கெட்டே மலிவாக முடியும்.

எந்த விமான நிலையம் என்பதையும் பாருங்கள். ஃபிராங்க்ஃபர்ட்-ஹான் என்று பெயர் வைத்திருக்கும் நிலையம் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். ஸ்டாக்ஹோம் ஸ்காவ்ஸ்டா சுமார் 100. பாரிஸ் என்று போட்டிருக்கும் போவே, பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். பஸ் கட்டணத்தோடு இரண்டு மணி நேரமும் போகும். நள்ளிரவில் இறங்கினால் அந்த பஸ்ஸும் இருக்காது.

பயந்துபோய் எல்லாவற்றையும் வாங்கிவிடுவது இதற்கு நேர் எதிரான தவறு. நிறைய பேர் செய்வது இதைத்தான். இருக்கைத் தேர்வு, முன்னுரிமை போர்டிங், குறுஞ்செய்தித் தகவல், காப்பீடு என்று வரிசையாக டிக் அடித்துக்கொண்டே போய்க் கடைசியில் முழுக்கட்டண டிக்கெட்டைவிட அதிகமாகக் கொடுத்திருப்பார்கள். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? சின்னக் குழந்தையோ, உதவி தேவைப்படும் பெரியவரோ கூட வந்தால் சேர்ந்து உட்கார இருக்கை வாங்குங்கள். மற்றபடி நான் வாங்குவதில்லை. முன்னுரிமை போர்டிங்கும் பல இடங்களில் முதலில் போய்ப் படிக்கட்டிலோ பஸ்ஸிலோ நிற்கும் உரிமைதான். அதோடு பெரிய கேபின் பை அனுமதி சேர்ந்து வந்தால் மட்டும் அது காசுக்குத் தகும்.

பணம் கட்டும் திரையில் இன்னொரு சின்னப் பொறி உண்டு. வெளிநாட்டு நிறுவனமாக இருந்தால், "உங்கள் நாட்டுப் பணத்திலேயே கட்டலாம்" என்று ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் உங்கள் வங்கி தருவதைவிட மோசம். நிறுவனத்தின் நாணயத்திலேயே கட்டுங்கள்.

பெட்டி

கேட்டில் நடக்கும் சண்டையில் பெரும்பாலானவை பெட்டிச் சண்டைதான். ஒருவர் மூன்று சட்டை, இரண்டு கோட் போட்டுக்கொண்டு வியர்த்து நிற்பார். இன்னொருவர், பையின் அளவைச் சரிபார்க்கக் கேட்டில் வைத்திருக்கும் அளவுப் பெட்டிக்குள் தன் பையை முழங்காலால் அழுத்திக்கொண்டிருப்பார். பை உள்ளே போய்விடும், ஆனால் திரும்ப எடுக்க வராது. பார்க்கச் சிரிப்பாக இருக்கும், வரிசையில் அடுத்தது நாமாக இல்லாதவரை.

"கேபின் பேக்" என்றால் எல்லா நிறுவனத்திலும் ஒரே அளவு என்று நினைத்துக்கொள்வதே இதற்கெல்லாம் காரணம். ஈஸிஜெட்டில் இலவசமாகக் கொண்டுபோகக்கூடியது 45 x 36 x 20 செ.மீ. சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்த்துத்தான் இந்த அளவு. பெட்டி விற்பவர் லேபிளில் சக்கரத்தை விட்டுவிட்டு அளந்திருக்கக்கூடும். வீட்டிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஐரோப்பாவில் பெரும்பாலும் அளவைப் பார்ப்பார்கள். ஆசியாவில் தராசு வைப்பார்கள். ஏர்ஏசியா போன்றவற்றில் கைப்பை, கேபின் பை இரண்டும் சேர்த்து 7 கிலோ என்பதே வழக்கமான வரம்பு. காலிப் பெட்டியே மூன்று கிலோ இருந்தால் என்னத்தை வைப்பது? சக்கரமில்லாத துணிப்பைதான் இந்த விஷயத்தில் புத்திசாலித்தனம்.

பெட்டிக் கட்டணம் டிக்கெட் எடுக்கும்போது குறைவு, பிறகு சேர்த்தால் கூடுதல், விமான நிலையக் கவுன்ட்டரில் இன்னும் கூடுதல், கேட்டில் அபராதத்துக்குச் சமம். சந்தேகமாக இருந்தால் முதலிலேயே வாங்கிவிடுங்கள். திரும்பி வரும்போது பெட்டி கனக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். போகும்போது வேண்டாம், வரும்போது மட்டும் போதும் என்று தனியாக வாங்க முடியும்.

அப்புறம் பவர் பேங்க். உங்கள் கேபின் பையை இடமில்லை என்று கேட்டில் வாங்கிக் கீழே சரக்கறைக்கு அனுப்பினால், பவர் பேங்கையும் உதிரி பேட்டரிகளையும் கட்டாயம் வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பயணிகள் பகுதியில் உடனே கவனித்து அணைக்கப் பார்க்கலாம், கீழே யாரும் போய் அணைக்க முடியாது. 100 வாட்-அவர் (பேட்டரியில் அடங்கும் ஆற்றலின் அளவு) வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-அவர்தான். எத்தனை கொண்டுபோகலாம், விமானத்துக்குள் பயன்படுத்தலாமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மாத்திரை, பாஸ்போர்ட், வீட்டுச் சாவியையும் அதே சமயத்தில் எடுத்துவிடுங்கள்.

செக்-இன்

வெப் செக்-இன் செய்யாமல் போனால் கவுன்ட்டரில் அதற்கே தனிக் கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் உண்டு. சில நிறுவனங்களில் அது கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே மூடிவிடும். வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் ஆவணத்தைக் கவுன்ட்டரில் காட்டிச் சரிபார்த்தால்தான் சில இடங்களில் ஏற விடுவார்கள். கேட் மூடும் நேரம் வேறு, கிளம்பும் நேரம் வேறு. பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் கண்டவுடன் சொல்லுங்கள். முதல் ஒரு நாளுக்குள் இலவசமாகத் திருத்தித் தருபவர்கள் பிறகு காசு கேட்பார்கள்.

நாமே போடும் முடிச்சு

காசு அதிகம் போகும் தவறு இதுதான் என்பேன். இரண்டு பட்ஜெட் டிக்கெட்டுகளைத் தனித்தனியாக எடுத்து, நடுவில் ஒரு ஊரில் மாறிக்கொள்ளலாம் என்று திட்டம் போடுவது. திரையில் பார்க்க அழகாக இருக்கும்: பத்து மணிக்கு இறங்குகிறோம், பன்னிரண்டரைக்கு அடுத்தது.

முழுச்சேவை நிறுவனத்தில் ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டில் அப்படி எதுவும் இல்லை. இரண்டும் ஒரே பட்ஜெட் நிறுவனம் என்றாலும் பெரும்பாலும் இதே கதைதான். அவர்களைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி. டிக்கெட் போச்சு, அன்றைய விலையில் புதிதாக எடுக்க வேண்டும். கீழே போட்ட பெட்டியும் தானாக அடுத்த விமானத்துக்கு மாறாது. நீங்கள் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். வெளியே வருவது என்றால் அந்த நாட்டுக்குள் நுழைவது. விசா இல்லையென்றால்? முதல் ஊரிலேயே உங்களை ஏற்ற மறுத்துவிடுவார்கள்.

இப்படித்தான் போக வேண்டும் என்றால் நடுவில் ஒரு இரவு தங்குகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கைப்பையோடு மட்டும் போங்கள்.

நியாயமாகச் சொன்னால், தனித்தனி டிக்கெட்டில் ஒரு நன்மையும் இருக்கிறது. பெரிய நிறுவனத்தின் இரு வழி டிக்கெட்டில் போகும் பயணத்தைத் தவறவிட்டால் திரும்பும் பயணத்தையும் பெரும்பாலும் ரத்து செய்துவிடுவார்கள். பட்ஜெட் நிறுவனங்கள் ஒரு வழிப் பயணத்தைத் தனியாக விலை போட்டு விற்பதால், போக ஒன்று, வர இன்னொன்று என்று கலந்து எடுக்கலாம். எனக்கு இவர்களை விட்டுப் போக மனம் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

ரத்தானால்

ஒரு முறை என் விமானம் ரத்தானபோது வந்த மின்னஞ்சலில் "வவுச்சர் பெறுக" என்ற பொத்தான் பளிச்சென்று இருந்தது. பணத்தைத் திரும்பப் பெறும் வழி கீழே சின்ன எழுத்தில் ஒளிந்திருந்தது. அவசரத்தில் முதலாவதை அழுத்தாதீர்கள். நிறுவனமே ரத்து செய்தால் பணமாகக் கேட்கும் உரிமை பல நாடுகளில் சட்டத்திலேயே இருக்கிறது. 2017-ல் பிரிட்டனின் மோனார்க் விமான நிறுவனம் திடீரென்று மூடியபோது சுமார் 1,10,000 பேர் வெளிநாடுகளில் மாட்டிக்கொண்டார்கள். நிறுவனமே இல்லாதபோது வவுச்சருக்கு என்ன மதிப்பு? கிரெடிட் கார்டில் டிக்கெட் எடுத்திருந்தால் வங்கியிடமாவது முறையிடலாம்.

இடைத்தரகர் தளத்தில் எடுத்திருந்தால் நேர மாற்றத் தகவலே உங்களுக்கு வராமல் போகலாம். நிறுவனத்தின் தளத்தில் போய் உங்கள் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும் 261/2004 என்ற விதி பொருந்தும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தாலோ, கிளம்ப இரண்டு வாரத்துக்கும் குறைவாக இருக்கும்போது சொல்லி ரத்து செய்தாலோ, தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ என்று இழப்பீடு. கடும் வானிலை போல நிறுவனத்தின் கையை மீறிய காரணம் என்றால் இழப்பீடு இல்லை. ஆனால் காத்திருக்கும்போது சாப்பாடும் தேவைப்பட்டால் தங்குமிடமும் அப்போதும் தர வேண்டும். டிக்கெட் விலைக்கும் இந்தத் தொகைக்கும் சம்பந்தம் இல்லை. 30 யூரோ டிக்கெட்டுக்கு 250 யூரோ கிடைக்கலாம் என்பதால்தான் நிறுவனங்களுக்கு இந்த விதி கசக்கிறது. இழப்பீட்டை வாங்கித் தருகிறோம் என்று வரும் ஏஜென்சிகள் கணிசமான பங்கை எடுத்துக்கொள்வார்கள். நிறுவனத்தின் தளத்திலேயே இதற்கான படிவம் இருக்கும், நீங்களே நிரப்பலாம்.

பெட்டி உடைந்து வந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன் அங்குள்ள கவுன்ட்டரில் புகார் பதிவு செய்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். போர்டிங் பாஸ், பெட்டியில் ஒட்டிய சீட்டு, இடையில் வாங்கிய சாப்பாட்டு ரசீது எல்லாவற்றையும் அன்றைக்கே படமெடுத்து வைத்துவிடுங்கள், செயலியில் இருக்கும் போர்டிங் பாஸ் பயணம் முடிந்ததும் மறைந்துவிடலாம்.