பழைய ரயில் தடங்களில் இங்கிலாந்து: சிங்கப்பூர் மிதிவண்டியோட்டிகளுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரின் பூங்கா இணைப்புப் பாதைகளில் ஓட்டிப் பழகியவர் இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் சில நாள் மிதிவண்டிப் பயணம் செய்ய விரும்பினால், முதலில் தேட வேண்டியவை அங்கே கைவிடப்பட்ட ரயில் தடங்கள். நட்டத்தில் ஓடிய தடங்களை மூடப் பரிந்துரைத்து 1963இல் வெளியான பீச்சிங் அறிக்கையைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ரயில் பாதைகள் மூடப்பட்டன. தண்டவாளம் அகற்றப்பட்ட தடங்களில் பல, பின்னாளில் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் உரிய பாதைகளாயின. தஞ்சோங் பகாருக்கு வந்துகொண்டிருந்த ரயில் 2011இல் நின்ற பிறகு நமக்கு 24 கிலோமீட்டர் பாதை கிடைத்ததும் இதே வகையில்தான். நீராவி எஞ்சின் செங்குத்தான ஏற்றத்தில் பாரம் இழுக்காது என்பதால், மேட்டை வெட்டியும், பள்ளத்தில் பாலம் கட்டியும், குன்றைக் குடைந்தும் சரிவைக் குறைத்தே அந்தத் தடங்களை அமைத்தார்கள். 163 மீட்டர் புக்கிட் தீமாவையே உச்சியாகக் கொண்ட தீவிலிருந்து செல்லும் கால்களுக்கு இது பெரிய உதவி. டெவன், கார்ன்வால் பகுதிகளின் சாதாரணக் கிராமச் சாலைகள் நாம் எதிர்பார்ப்பதைவிடச் செங்குத்தானவை.

திட்டமிடும்போது பலரை ஏமாற்றுவது நீலநிறப் பலகை. தேசிய மிதிவண்டிக் கட்டமைப்பின் வழிகளை நீலப் பலகையில் ஓர் எண்ணைக் கொண்டு குறிக்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டமைப்பில் பாதிக்கும் குறைவான தொலைவே வாகனங்கள் அற்றது, எஞ்சியது பொதுச்சாலை. ஆகவே எண்ணை மட்டும் நம்பிப் புறப்படாமல், வரைபடத்தில் வாகனமில்லாத பகுதி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது, இடையில் எத்தனை கிலோமீட்டர் சாலையில் போக வேண்டும் என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். அமைதியான பயணம் அமைவதும் கெடுவதும் இந்த இடைவெளிகளில்தான். ஆர்டினன்ஸ் சர்வே நிறுவனத்தின் 1:25,000 அளவிலான வரைபடம் இதற்கு மிகவும் உதவும். அதில் குதிரைப் பாதையாகக் குறிக்கப்பட்டவற்றில் மிதிவண்டி ஓட்ட 1968ஆம் ஆண்டின் சட்டம் உரிமை தருகிறது. வெறும் நடைபாதைகளில் அந்த உரிமை இல்லை.

முதல் பயணத்துக்குப் பிரிஸ்டல், பாத் நகரங்களையும் அவற்றுக்கு அப்பால் செல்லும் கால்வாயையும் பரிந்துரைப்பேன். லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பிரிஸ்டலை அடையலாம். 1979க்கும் 1986க்கும் இடையில் உருவான பிரிஸ்டல் பாத் ரயில் பாதை சுமார் 21 கிலோமீட்டர் நீளமுள்ள தார்ப் பாதை. நகர எல்லைக்குள் காலை வேளையில் வேலைக்கு விரைபவர்கள் அதிகம் என்பதால் பத்து மணிக்குப் பிறகு கிளம்புவது நல்லது. ஸ்டேப்பிள் ஹில் வரை தெரியாமல் ஏறும் பாதை, அங்குள்ள குகைவழியைக் கடந்தபின் மெல்ல இறங்குகிறது. பிட்டனில் ஆர்வலர்கள் பராமரிக்கும் பழைய நிலையத்தில் நீராவி எஞ்சின் ஓடும் நாளாக இருந்தால், கரிப்புகை வாசம் பாதைவரை வரும்.

மறுநாளை பாத் நகருக்குத் தெற்கே உள்ள இரு குகைவழிகளுக்கு ஒதுக்கலாம். 2013இல் திறக்கப்பட்ட இந்தப் பாதையில் முதலில் வரும் டெவன்ஷைர் குகைவழி சிறியது; அடுத்து வரும் கூம் டவுன் குகைவழி ஒன்றேமுக்கால் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வெளியே வெயில் இருந்தாலும் உள்ளே குளிர் தாக்கும், கூரையிலிருந்து ஆங்காங்கே நீர் சொட்டும், சுவர் விளக்குகளின் ஒளி மங்கலாகவே இருக்கும். மெல்லிய மேற்சட்டையை நுழைவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். முன்விளக்கையும் எரியவிடுங்கள், எதிரே நாயுடன் வருபவருக்கு நீங்கள் தெரிய வேண்டும். குகையைத் தாண்டி மிட்ஃபோர்டிலிருந்து டண்டாஸ் வரை சிறிது தூரம் கிராமச் சாலையில் போக வேண்டும், மேலே சொன்ன இடைவெளி இத்தகையதுதான். டண்டாஸில், ஏவன் ஆற்றுக்கு மேலே கல்பாலத்தில் கால்வாய் ஓடுகிறது, அதில் படகுகளும் போகின்றன. அங்கிருந்து கால்வாய்க் கரையோடு பிராட்ஃபோர்ட் ஆன் ஏவன் சென்று தங்கலாம். மூன்றாம் நாள் அதே கரையில் தொடர்ந்தால் டிவைசிஸ் ஊரை ஒட்டிய கேன் ஹில் வரும்; நீர்மட்டத்தை உயர்த்திப் படகை மேலேற்றும் 29 மதகுகள் வழியாகப் படகுகள் 72 மீட்டர் ஏறுகின்றன, அவற்றில் 16 மதகுகள் ஒரே நேர்கோட்டில் உள்ளன. டிவைசிஸில் ரயில் நிலையம் இல்லை, ஆகவே வந்த வழியே டிரோபிரிட்ஜ் திரும்பி ரயில் ஏற வேண்டும்.

கால்வாய்க் கரை பல இடங்களில் ஒடுக்கமானது, அங்கே முன்னுரிமை நடப்பவருக்கே. பாலத்தடியில் எதிரே வருபவர் தெரியமாட்டார். மணி அடித்து, நடைவேகத்தில் போக வேண்டும். குதிரையைக் கடக்கும்போது, தூரத்திலிருந்தே குரல் கொடுத்து, மெதுவாக அதன் வலப்புறமாக விலகிச் செல்லுங்கள். வயல் வேலிக் கதவு மூடியிருந்தால் கடந்தபின் மூடுங்கள்.

வேறு பாதைகளும் உண்டு. டெவனின் டார்க்கா பாதையில் பிரான்டனுக்கும் மீத்துக்கும் இடையே சுமார் 48 கிலோமீட்டர் வாகனமின்றிச் செல்லலாம். கார்ன்வாலின் கேமல் பாதை குழந்தைகளுடன் செல்வோருக்கு ஏற்றது, ஆனால் கோடையில் நெரிசல் மிகும். டார்பிஷைரின் மான்சல் பாதை 14 கிலோமீட்டருக்குள் பல குகைவழிகளைத் தரும். அதே வட்டாரத்தின் ஹை பீக் பாதையில் மட்டும் எச்சரிக்கை தேவை: ரயில் பெட்டிகளைக் கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்த செங்குத்தான சரிவுகள் அங்கே உள்ளன.

காலத்தைப் பொறுத்தவரை, நம் ஜூன் பள்ளி விடுமுறையைவிடச் சிறந்தது இல்லை. அப்போது அங்கே இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஆங்கிலேயப் பள்ளிகள் ஜூலை பிற்பகுதிவரை நடப்பதால் வாரநாள்களில் பாதைகள் காலியாகவே கிடக்கும். ஆயினும் நமக்கு அது குளிர்காலமே. மழைச்சட்டையும் முழுவிரல் கையுறையும் கட்டாயம் வேண்டும். பாதையோரக் காஞ்சொறிச் செடி பட்டால் தோல் எரியும் என்பதால் நீளக் கால்சட்டையே உசிதம். நாளுக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் போதும். சிற்றூர்க் கடைகளும் உணவகங்களும் நம் உணவங்காடிபோல் எந்நேரமும் திறந்திருப்பதில்லை, எனவே மதிய உணவைப் பையிலேயே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வண்டியை அங்கேயே வாடகைக்கு எடுப்பது எளிது. சரளைப் பரப்புக்கு 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயரும் மட்கார்டும் கேளுங்கள். முன் பிரேக் வலக்கையில் இருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். போக்குவரத்து நம்மைப்போலவே இடப்பக்கம், மின்செருகியும் அதே வகை. நம் எம்ஆர்டி ஏற்கும் அளவிலான மடக்கு மிதிவண்டி வைத்திருப்போர் அதையே கொண்டுபோவது இன்னும் சிறப்பு. முழு அளவு மிதிவண்டிகளுக்கு அந்நாட்டு நெடுந்தூர ரயில்களில் இடம் சிலவே, அவற்றையும் முன்பதிவு செய்ய வேண்டும். மடக்கு வண்டிக்கு அந்தச் சிக்கல் இல்லை. சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்போர் 2025 ஜனவரி முதல் மின்னணுப் பயண அனுமதியும் பெற வேண்டும். விமானச் சீட்டு வாங்கிய கையோடு அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.