ரட்சிக்கப்பட்ட அப்புறமும் பாவம் பண்ணிட்டா, அன்னைக்கே என்ன செய்யணும்

நான் ஞானஸ்நானம் எடுத்து சரியா மூணாவது வாரம், ஆபீஸ்ல டிராவல் பில் எழுதுறேன். ஷேர் ஆட்டோல போக 20 ரூபா, வர 20 ரூபா. பில்லுல 350ன்னு எழுதினேன். கை கொஞ்சம்கூட நடுங்கல. கையெழுத்து போட்டு டிரேல வச்சுட்டு வந்து சீட்ல உக்காந்த அப்புறம்தான் வயித்த பெசைய ஆரம்பிச்சுது, தாமிரபரணில முங்கி எந்திரிச்சப்ப கரையில நின்னு பாட்டு பாடின அத்தனை பேரு முகமும் வரிசையா ஞாபகம் வருது. அப்ப நான் ரட்சிக்கப்படவே இல்லையோ? எல்லாம் அன்னைக்கு ஏதோ ஒரு உணர்ச்சில நடந்ததோ?

அந்த பில்ல எழுத ரெண்டு நிமிஷம் ஆச்சு. அத மறைச்சுக்கிட்டு நான் திரிஞ்சது ரெண்டு மாசம். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு போகல, கேட்டா ஜொரம்னு சொன்னேன் (அது இன்னொரு பொய்), ஜெபக்கூட்டத்துக்கு போன் வந்தா எடுக்கல, பைபிள தொடவே பயம். இன்னைக்கு யோசிச்சா அந்த ரெண்டு நிமிஷத்த விட இந்த ரெண்டு மாசம்தான் என்னைய பாதி கொன்னுச்சு. அதனால நான் இங்க எழுதப்போறது பாவம் பண்ணாம இருக்குறது எப்படிங்குறத பத்தி இல்ல, அதுக்கு என்னைய விட நல்ல ஆளுங்க இருக்காங்க. விழுந்ததுக்கும் எந்திரிக்கிறதுக்கும் நடுவுல இருக்குற அந்த இடைவெளிய எப்படி குறைக்குறதுங்குறதுதான் விஷயம்.

மொதல்ல கேள்விக்கு நேரா பதில் சொல்லிடுறேன். விசுவாசி பாவம் செய்வாரா? செய்வார். செய்றார். இயேசுவோட சீஷர் பேதுரு, அவர தெரியவே தெரியாதுன்னு மூணு தடவ மறுதலிச்சார்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா பரிசுத்த ஆவி எறங்கின பெந்தெகொஸ்தே நாள் எல்லாம் முடிஞ்சு பெரிய அப்போஸ்தலனா இருக்கறப்பவே அந்தியோகியாவுல அவர் வெளிவேஷம் போட்டத நிறைய பேர் கவனிக்கிறதில்ல. புறஜாதியாரோட, அதாவது யூதர் இல்லாதவங்களோட, ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தவர், எருசலேம்ல இருந்து ஆளுங்க வந்ததும் மெதுவா எந்திரிச்சு விலகிட்டார், பவுல் எல்லார் முன்னாடியும் மூஞ்சிக்கு நேரா கேட்டார், கலாத்தியர் 2ம் அதிகாரத்துல இருக்கு. யாரோட உக்காந்து சாப்பிடுறதுங்குற விஷயம், நம்ம ஊர்ல இத வாசிக்கிறவனுக்கு சுருக்குன்னு குத்தணும், அது வேற கதை.

இன்னொண்ணு, பரமண்டல ஜெபம். இயேசு அத சீஷர்களுக்குத்தான் சொல்லிக் குடுத்தார். அன்றன்றுள்ள அப்பத்த கேட்ட கையோட எங்கள் கடன்களை மன்னியும்னு வருது பாருங்க. சோறு தினமும் வேணும்னா மன்னிப்பும் தினமும் வேணும்னுதானே அர்த்தம்?

சரி, அப்ப 1 யோவான் 3:9 என்னண்ணேன்னு கேப்பீங்க. "தேவனால் பிறந்த எவனும் பாவஞ்செய்யான்". இந்த ஒரு வசனத்த வச்சு எத்தன பேரு ராத்திரி தூக்கம் இல்லாம கெடந்திருப்பாங்க. இத எப்படி வாசிக்கிறதுன்னா, தனியா பிச்சு வாசிக்காதீங்க, லெட்டர் மொத்தமே 5 அதிகாரம்தான், ஒரே மூச்சுல வாசிச்சுடுங்க. 1:8ல அதே யோவான் நமக்கு பாவம் இல்லன்னு சொன்னா நம்மள நாமே ஏமாத்திக்கிறோம்னு சொல்றார். 2:1ல நீங்க பாவம் செய்யாதபடிக்கு எழுதுறேன், ஆனா ஒருத்தன் செஞ்சுட்டா நமக்காக பரிந்து பேசுறவர் இருக்கார்னு சொல்றார். 5:16ல தன் சகோதரன் பாவம் செய்யறத ஒருத்தன் பாத்தா அவனுக்காக ஜெபம் பண்ணட்டும்னு வருது, சகோதரன்னுதான் சொல்றார், வெளியாள்னு சொல்லல. ஆக 3:9ல அவர் பேசுறது ஒரு தடவ வழுக்கி விழுறத பத்தி இல்ல, அதுலயே குடியிருக்கிறத பத்தி. கிரேக்கத்துல அந்த வினைச்சொல் நிகழ்காலத்துல, வழக்கமா நடந்துக்கிட்டே இருக்குற மாதிரியும் எடுத்துக்கலாம்ங்குற வடிவத்துல இருக்கு. இலக்கணத்த மட்டும் வச்சு எல்லாத்தையும் முடிச்சுட முடியாது, ஆனா மேல சொன்ன வசனங்களோட சேத்து பாத்தா பொருந்தி வருது. நம்ம தமிழ்லயே இருக்கே, "அவன் குடிக்கிறவன்"ங்குறதும் "அன்னைக்கு கல்யாண வீட்டுல குடிச்சுட்டான்"ங்குறதும் ஒண்ணா? பொண்ணு குடுக்கறவங்க கிட்ட கேளுங்க, வித்தியாசம் சொல்லுவாங்க.

சபைக்கு சபை இதுல பேச்சு மாறும், அதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க, இல்லன்னா ஒரு மெசேஜ் கேட்டு பறந்து இன்னொரு மெசேஜ் கேட்டு கவுந்துருவீங்க. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்த ஆரம்பிச்சு வச்ச லுத்தர் 1517ல எழுதின 95 வாசகத்துல மொத வாசகமே விசுவாசியோட வாழ்க்கை முழுக்க மனந்திரும்புதலா இருக்கணும்ங்குறதுதான். விசுவாசி ஒரே நேரத்துல நீதிமானும் பாவியும்னு அவர் சொன்னத லுத்தரன்காரங்க இன்னைக்கும் சொல்லுவாங்க. மெதடிஸ்ட்காரங்களோட முன்னோடி ஜான் வெஸ்லி கொஞ்சம் மேல போய், இந்த பூமியிலயே அன்புல பூரணப்பட முடியும்னு போதிச்சார், ஆனா அவருமே அறியாமையும் தவறும் இல்லாம போயிடும்னு சொல்லல. ஆர்சிகாரங்க, அதாவது ரோமன் கத்தோலிக்கர், சாவான பாவம், அற்பப் பாவம்னு பிரிச்சு, சாமியார்கிட்ட பாவத்த சொல்ற பாவசங்கீர்த்தனத்துக்கு போகச் சொல்லுவாங்க. பின்வாங்கினா ரட்சிப்ப இழந்துருவன்னு ஒரு பக்கம், ஒருக்கா ரட்சிக்கப்பட்டா இழக்கவே முடியாதுன்னு ஒரு பக்கம். இந்த சண்டைய தீத்துட்டுத்தான் எந்திரிப்பேன்னு விழுந்த எடத்துலயே உக்காந்திருக்காதீங்க. ஏன்னா இந்த எல்லா பக்கமும், விழுந்தா அறிக்கை பண்ணி, அதாவது பாவத்த வாய்விட்டு ஒத்துக்கிட்டு, எந்திரிங்குறதுல ஒண்ணா இருக்காங்க.

இப்ப வேலைக்கு வருவோம். விழுந்துட்டீங்க. அதே நாள்ல, முடிஞ்சா அதே மணி நேரத்துல, செய்ய வேண்டியது, பேர சொல்றது. "ஆண்டவரே நான் பாவி, தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச எல்லா பாவத்தையும் மன்னியும்"ங்குற ஜெபம் இருக்கே, அது நம்ம சபைகள்ல எல்லாருக்கும் மனப்பாடம், அதுல ஒளிஞ்சுக்கிறது ரொம்ப சுலபம். அப்படி சொல்லாதீங்க. "ஆண்டவரே, நான் 40 ரூபாய 350ன்னு எழுதினேன், அந்த 310 ரூபா திருட்டு". இப்படி சொல்லிப் பாருங்க, தொண்டைல வந்து நிக்கும். அறிக்கையிடறதுன்னா அதுதான், அவர் அத என்ன பேரு சொல்லி கூப்பிடுவாரோ அதே பேர நாமளும் சொல்றது. "அட்ஜஸ்ட்மென்ட்"னு சொல்லக்கூடாது, "கோவத்துல வாய் வந்துருச்சு"ன்னும் சொல்லக்கூடாது, அம்மாவ கேவலமா பேசினேன்னு சொல்லணும்.

சொல்லி முடிச்சா மன்னிப்ப நம்புங்க. இதுலதான் நிறைய பேரு சிக்குவாங்க, தனக்குத்தானே தண்டனை குடுத்துக்குவாங்க, 3 நாள் உபவாசம் இருந்தா சரியாயிடும், 40 நாள் ஜெபம் பண்ணினா சரியாயிடும்னு. உபவாசம் நல்லது, ஆனா அது ஃபைன் கட்டுற கவுன்ட்டர் இல்ல. யோவான் 13ல இயேசு சீஷர்களோட கால கழுவுற இடத்துல பேதுரு மொதல்ல என் கால தொடக்கூடாதுன்னார், அப்புறம் கையையும் தலையையும் சேத்து கழுவுங்கன்னார். அதுக்கு இயேசு குடுத்த பதில், முழுகினவன் கால்கள மாத்திரம் கழுவினா போதும். எங்க ஆச்சி வீட்டு வாசல்ல எப்பவும் ஒரு தொட்டி தண்ணியும் செம்பும் இருக்கும், காட்டுல இருந்து யாரு வந்தாலும் குதிகால்ல தேச்சு கழுவிட்டுத்தான் உள்ள போகணும். கால்ல மண்ணு பட்டுருச்சுன்னு யாரும் திரும்ப ஆத்துக்கு போய் முங்கிட்டு வரமாட்டாங்க, அதுக்காக மண்ணு காலோட அடுப்படிக்குள்ள போனா ஆச்சி வெளக்கமாத்த எடுத்துருவா. ஒவ்வொரு கன்வென்ஷன்லயும் அல்டர் கால் (ரட்சிக்கப்பட விரும்புறவங்க முன்னாடி வாங்கங்குற அழைப்பு) குடுத்தப்ப திரும்ப திரும்ப "புதுசா" ரட்சிக்கப்பட்டுட்டு வர்ற தம்பிங்களுக்கு இதத்தான் சொல்லுவேன், நீ குளிச்சாச்சுடா, கால கழுவு.

அடுத்தது சரிக்கட்டுறது. பாவம் ஒரு ஆளுக்கு விரோதமானா அந்த ஆள்கிட்ட போகணும், காணிக்கைய பலிபீடத்துகிட்ட வச்சுட்டு போய் சகோதரனோட ஒப்புரவாகிட்டு வான்னு மத்தேயு 5ல இருக்கு. அநியாயமா வாங்கின பணத்த வரி வசூலிக்கிற சகேயு நாலத்தனையா திருப்பி தரேன்னான். லேவியராகமம் 6ல, எடுத்தத முழுசா குடுத்து அதோட அஞ்சுல ஒரு பங்க கூட்டிக் குடுன்னு இருக்கு. நான் கணக்கு போட்டேன், 310க்கு அஞ்சுல ஒண்ணு 62, மொத்தம் 372. சில்லறை மாத்தி கவர்ல போட்டுட்டு அக்கவுன்ட்ஸ்க்கு போனேன். அங்க இருந்த அண்ணன் கண்ணாடிய கழட்டிட்டு என்னைய பாத்தார். விஷயத்த சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "தம்பி, அந்த மாசம் க்ளோஸ் பண்ணியாச்சே, இத நான் எந்த ஹெட்ல வரவு வைக்கிறது?"ன்னார். அப்புறம் "62 எதுக்கு?"ன்னார். லேவியராகமம்னேன். அவருக்கு ஒண்ணும் புரியல, இதர வரவுன்னு எழுதி ரசீத கிழிச்சு குடுத்தார். அந்த ரசீது இன்னும் என் பைபிள்ல அந்த அதிகாரத்துலயே கெடக்கு. அவர் யார்கிட்டயும் சொல்லல, ஆனா அதுக்கப்புறம் என் பில்ல மட்டும் ரெண்டு தடவ பாப்பார். பாக்கட்டும், அது அவர் உரிமை. மன்னிப்பு கெடச்ச உடனே நம்பிக்கையும் திரும்பி வரணும்னு எதிர்பாக்காதீங்க, அது மெதுவாத்தான் வரும்.

ஒரு விஷயத்துல மட்டும் நான் கறாரா சொல்லுவேன். பொண்டாட்டிய அடிக்கிறது, பிள்ளைங்ககிட்ட தப்பா நடந்துக்கிறது, இதெல்லாம் "ஆண்டவர் மன்னிச்சுட்டார், சபைக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்"னு மூடுற விஷயம் கிடையாது. குழந்தைங்கள பாலியல் குத்தத்துல இருந்து காப்பாத்துற 2012 போக்சோ சட்டப்படி குழந்தைக்கு எதிரான குத்தம் தெரிஞ்சா போலீஸ்ல சொல்லியே ஆகணும், பாஸ்டரா இருந்தாலும் மூப்பரா இருந்தாலும். உதவிக்கு போன் பண்ற நம்பர், 1098 குழந்தைகளுக்கு, 181 பெண்களுக்கு. மனந்திரும்பினது நெஜம்னா தண்டனையையும் ஏத்துக்குவான். பாதிக்கப்பட்டவங்களை "மன்னிச்சுரும்மா"ன்னு நெருக்குறது இன்னொரு பாவம்.

அப்புறம் ஒரு ஆள் வேணும். யாக்கோபு 5:16, உங்க குற்றங்கள ஒருத்தருக்கொருத்தர் அறிக்கையிட்டு ஜெபம் பண்ணுங்கன்னு. இது நம்ம சபைகள்ல ரொம்ப கஷ்டம்னு எனக்கு தெரியும், காலைல சொன்னா சாயங்காலத்துக்குள்ள "ஜெபக்குறிப்பு"ங்குற பேர்ல தெரு முழுக்க போயிருக்கும். அதனால ஆள பாத்து பிடிங்க. அடுத்தவன் கதைய உங்ககிட்ட சொல்றவன் உங்க கதைய அடுத்தவன்கிட்ட சொல்லுவான், அவன் வேண்டாம். கேட்டதும் அதிர்ச்சி ஆகுறவரும் வேண்டாம், "அட இதெல்லாம் ஒரு பாவமா"ன்னு தட்டிக் குடுக்கறவரும் வேண்டாம். ஆம்பளைக்கு ஆம்பள, பொம்பளைக்கு பொம்பள, கொஞ்சம் வயசுல மூத்தவங்க, தானும் விழுந்திருக்கேன்னு ஒத்துக்கிற ஆள்.

திரும்ப திரும்ப அதே பாவம் வந்தா, விழுந்த இடத்த பாக்காதீங்க, வந்த வழிய பாருங்க. ராத்திரி 11 மணிக்கு மேல போன் கையில இருந்தா விழுறீங்கன்னா பிரச்சனை 11 மணிக்கு இல்ல, சார்ஜர் கட்டில் பக்கத்துல இருக்கறதுலதான். எடுத்து ஹால்ல மாட்டுங்க. சம்பள நாள் அந்த ஃபிரண்டு கூட பைக்ல ஏறினா டாஸ்மாக்குலதான் எறங்குறீங்கன்னா அன்னைக்கு பஸ்ல வாங்க. குடி, சூதாட்டம் இதெல்லாம் உடம்ப பிடிச்சுக்கிட்டா டாக்டர்கிட்டயும் போகணும், அது விசுவாசக் குறைச்சல் இல்ல. அதே மாதிரி, பண்ணாத பாவத்துக்கெல்லாம் நாள் பூரா மன்னிப்பு கேட்டுக்கிட்டே இருக்கோம், ஒரே ஜெபத்த 50 தடவ சொன்னாலும் மனசு அடங்கல அப்படின்னா அதுவும் டாக்டர் பாக்க வேண்டிய விஷயமா இருக்கலாம்.

பந்தி, அதாவது திருவிருந்துல குடுக்கற அப்பமும் ரசமும், எடுக்கலாமா வேண்டாமாங்குற கேள்வி கண்டிப்பா வரும். திருவிருந்து ஞாயிறு வந்தாலே நைசா பின்பக்கமா எந்திரிச்சு போற கூட்டம் ஒண்ணு உண்டு, நானும் போயிருக்கேன். 1 கொரிந்தியர் 11:28 தன்னைத்தானே சோதிச்சு அறிஞ்சு புசின்னுதான் சொல்லுது, சோதிச்சு அறிஞ்சு செருப்ப மாட்டிட்டு கெளம்புன்னு சொல்லல. விடமாட்டேன்னு அடம்பிடிச்சு ஒரு பாவத்த கையில பிடிச்சிருந்தா அது வேற, அப்ப மொதல்ல அத கீழ போடுங்க. ஆனா அழுது அறிக்கை பண்ணிட்டு வந்தவனுக்கு அந்த மேசைய விட்டா வேற எடம் எது? அவங்கவங்க சபை ஒழுங்கு ஒண்ணு இருக்கும், அதையும் மதிச்சுக்கோங்க.

எபிரெயர் 10:26 பத்தியும் கேப்பாங்க, மனப்பூர்வமா பாவம் செஞ்சா வேற பலி இல்லன்னு வருமே. மூணு வசனம் தள்ளி 29 வரைக்கும் வாசிங்க, தேவனுடைய குமாரன கால்ல மிதிக்கிறவன பத்தி பேசுது, கிறிஸ்துவே வேண்டாம்னு தூக்கி எறியறவன. அந்த வசனத்த வாசிச்சு நடுங்குற ஆள் பெரும்பாலும் அந்த ஆள் இல்ல. நடுங்காதவனுக்குத்தான் அத ரெண்டு தடவ வாசிச்சு காட்டணும்.

எங்க வாலிபர் கூட்டத்துல ஒரு தம்பி இருக்கான். மொத தடவ அவன் என்கிட்ட வந்து சொன்னப்ப விஷயம் நடந்து நாலு மாசம் ஆகியிருந்துச்சு, ஆளு எளைச்சு போய், கண்ண பாத்து பேச முடியாம, தரையவே பாத்துக்கிட்டு சொன்னான். அடுத்த தடவ மூணு வாரம். அதுக்கடுத்து ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு, வெள்ளிக்கிழமை நடந்தத சொன்னான். போன வாரம் ராத்திரி போன் அடிச்சுது.

"அண்ணே, மறுபடியும்."

"எப்ப?"

"இப்பதாண்ணே. ஒரு அரை மணி நேரம் இருக்கும்."

சரி, பைக்க எடுத்துட்டு வீட்டுக்கு வா, டீ போடுறேன்னேன்.