பிக்கப்பா, ஆஃப்-ரோடு எஸ்யூவியா? முதல்முறை வாங்குபவர்களுக்கான செய்முறை விளக்கம்

பிக்கப் வாங்கலாமா, எஸ்யூவி வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வண்டியில் எதை ஏற்றப் போகிறீர்கள், அது எத்தனை கிலோ? பெரும்பாலானவர்களிடம் பதில் இருக்காது. எஞ்சின் சக்தி, டயர் அளவு, முகப்பின் அழகு எல்லாம் மனப்பாடமாக இருக்கும், சுமைக் கணக்கு மட்டும் கையில் இருக்காது. ஆனால் இந்த இரண்டு வகை வண்டிகளையும் முதலில் பிரிப்பதே சுமைதான். பாதை அதற்கு அடுத்தது. மற்றதெல்லாம் அதற்கும் பிறகு.

படி 1: ஒரே சேஸிஸில் பிறந்த ஜோடிகளை எடுத்துக்கொள்ளுங்கள்

ஒரு நிறுவனத்தின் பிக்கப்பையும் இன்னொரு நிறுவனத்தின் எஸ்யூவியையும் ஒப்பிட்டால் எஞ்சின், கியர்பாக்ஸ், வசதிகள் எல்லாம் சேர்ந்து குழப்பிவிடும். எது வண்டியின் வகையால் வந்த வித்தியாசம், எது நிறுவனத்தால் வந்தது என்றே தெரியாது. நல்லவேளையாக, பல நிறுவனங்கள் ஒரே அடித்தளத்தில் இரண்டு வகையையும் செய்கின்றன. டொயோட்டாவில் ஹைலக்ஸும் ஃபார்ச்சூனரும், ஃபோர்டில் ரேஞ்சரும் எவரெஸ்ட்டும், இசுஸுவில் டி-மேக்ஸும் எம்யூ-எக்ஸும், ஜீப்பில் கிளாடியேட்டரும் ராங்லரும் அப்படிப்பட்ட ஜோடிகள். எல்லாமே ஏணி வடிவ சேஸிஸ் (அடியில் உள்ள இரும்புச் சட்டம்) மேல் தனியாக பாடி உட்காரும் வண்டிகள்.

இதில் ஒரு ஜோடியை எடுத்து அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 2015-இல் வந்த தலைமுறையில் ஹைலக்ஸ் டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப்) வீல்பேஸ் 3,085 மிமீ, ஃபார்ச்சூனருக்கு 2,745 மிமீ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஒரு அடிக்கு மேல் வித்தியாசம். மொத்த நீளத்திலோ பிக்கப் அரை மீட்டர் அளவுக்கு அதிகம். பின்பக்க ஸ்பிரிங்கும் வேறு: பிக்கப்பில் பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங், எஸ்யூவியில் காயில் ஸ்பிரிங். நீங்கள் தேர்ந்தெடுக்கப் போவது பெரும்பாலும் இந்த இரண்டு வித்தியாசங்களின் விளைவுகளைத்தான்.

படி 2: ஒரு மாதத்துக்கு வண்டி என்ன செய்யும் என்று எழுதுங்கள்

வருடத்துக்கு ஒருமுறை போகும் நீண்ட பயணத்தை மனதில் வைத்து வண்டி வாங்குபவர்கள் நிறைய. அந்தப் பயணத்துக்குத் தேவையானதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். வாராவாரம் நடப்பதை எழுதுங்கள்: எத்தனை பேர் ஏறுவார்கள், எத்தனை நாள் பின் இருக்கையில் ஆள் இருக்கும், ஈரமான, சேறான, நாற்றமடிக்கும் பொருள் எதையாவது ஏற்றுவீர்களா, டிரெய்லர் இழுப்பீர்களா, வண்டி எங்கே நிற்கும். ஐந்தாறு வரி போதும்.

படி 3: சுமைக் கணக்கு

இதை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு மூடும் தூணில் ஒரு ஸ்டிக்கரோ தகடோ இருக்கும். அங்கே இல்லையென்றால் எஞ்சின் அறையிலோ உரிமையாளர் கையேட்டிலோ பாருங்கள். வண்டி எல்லாம் ஏற்றிய நிலையில் அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். அதிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் பேலோட். சில நாடுகளில் பேலோடையே நேரடியாக அச்சிட்டுவிடுவார்கள். காலி எடையில் 75 கிலோ ஓட்டுநரையும் எரிபொருளையும் சேர்த்திருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நாட்டுக்கு நாடு இது மாறும்.

பலர் தவறவிடும் இடம் இதுதான்: பேலோட் என்பது பின்னால் ஏற்றும் சாமான் மட்டும் இல்லை. ஆட்கள், பிறகு மாட்டிய இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் கருவி), மேலே போட்ட ரேக், இழுக்கும் டிரெய்லர் கொக்கியின் மேல் அழுத்தும் எடை எல்லாமே அதற்குள் அடக்கம்.

கணக்குப் பழக ஒரு உதாரணம். பேலோட் 600 கிலோ உள்ள எஸ்யூவி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் ஏறினால் 350 கிலோ போய்விட்டது. மீதி 250. முன் பம்பரும் வின்சும் 90, ரூஃப் ரேக் 30. மீதி 130. குடிதண்ணீர் 40 லிட்டர் என்றால் 40 கிலோ. ஃபிரிட்ஜ், கூடாரம், கருவிகள், சாப்பாடு எல்லாம் சேர்த்து 70. கையில் இருப்பது வெறும் 20 கிலோ. இப்போது 1,500 கிலோ டிரெய்லர் ஒன்றை மாட்டுங்கள். அதன் எடையில் சுமார் 10 சதவீதம், அதாவது 150 கிலோ, கொக்கியில் இறங்கும். வண்டி 130 கிலோ அதிகச் சுமையோடு நிற்கிறது. பார்வைக்கு எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது.

அதே குடும்பம், அதே சாமான், 950 கிலோ பேலோட் உள்ள பிக்கப். ஆட்கள் போக 600. பம்பர், வின்ச் 90, பின்பக்கத் திறந்த தொட்டிக்கு மேல் போடும் கேனப்பி (மூடுகூண்டு) 60. மீதி 450. தண்ணீரும் மற்றவையும் 110. மீதி 340. டிரெய்லர் கொக்கி 150. இன்னும் 190 கிலோ இடம் இருக்கிறது.

உங்கள் கணக்கு இப்படி வந்தால் விவாதம் அங்கேயே முடிந்தது, பிக்கப் எடுங்கள். அதிகச் சுமையோடு ஓடும் வண்டியில் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், டயர் சூடாகும், மோதல் நடந்தால் காப்பீட்டுக்காரர் கேள்வி கேட்பார். இதில் சமரசம் வேண்டாம்.

இன்னும் ஒரு எண்ணைப் பாருங்கள். விளம்பரத்தில் 3,500 கிலோ இழுக்கும் என்று இருக்கும். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கு ஒரு தனி வரம்பு உண்டு. அது 6,000 கிலோ என்றால், 3,500-ஐ இழுக்கும்போது வண்டி 2,500 கிலோவைத் தாண்டக்கூடாது. காலி வண்டியே 2,100 இருந்தால், ஆளும் சாமானும் சேர்த்து 400 கிலோதான் ஏற்றலாம். முழுப் பேலோடும் முழு இழுவையும் ஒரே நேரத்தில் பல வண்டிகளில் கிடைக்காது.

பிக்கப் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டபுள் கேப் வண்டியில் தொட்டியின் கணிசமான பகுதி பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கனமான பொருளை டெயில்கேட் (தொட்டியின் பின் கதவு) ஓரமாக வைத்து, கனமான டிரெய்லரையும் மாட்டிப் பள்ளமேட்டில் வேகமாகப் போனால் சேஸிஸே வளைந்துபோகும். கனமானதை எப்போதும் கேபின் சுவரை ஒட்டி, தரையோடு தரையாக வையுங்கள்.

படி 4: பாதை

காய்ந்த ஓடை ஒன்றைக் கடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரம் கரையிலிருந்து இறங்குகிறது. அப்போது முன் பம்பர் எதிர்த் தரையில் இடிக்காமல் இருப்பது அப்ரோச் கோணம். அடுத்து கரையின் விளிம்பு வண்டியின் வயிற்றுக்கு நேரே வருகிறது. அங்கே உரசாமல் இருப்பது பிரேக்ஓவர் கோணம். கடைசியில் முன் சக்கரம் அக்கரையில் ஏறும்போது வண்டியின் வால் தாழ்ந்து ஓடைத் தரையில் தட்டும். அதைத் தடுப்பது டிபார்ச்சர் கோணம்.

ஜீப்பின் ஆஃப்-ரோடு ரகமான ரூபிகானில் நான்கு கதவு ராங்லரையும் கிளாடியேட்டரையும் பாருங்கள். முன்பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டுக்கும் அப்ரோச் சுமார் 44 டிகிரி. லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவிசையோடு போக உதவும் கியர்) விகிதமும் இரண்டிலும் 4:1. பிரேக்ஓவரில் ராங்லருக்கு 22.6, கிளாடியேட்டருக்கு 20.3. டிபார்ச்சரில்தான் பெரிய இடைவெளி: ராங்லருக்கு 37, கிளாடியேட்டருக்கு 26. முன்பக்கம் தாராளமாக நுழைந்த இடத்திலிருந்து பின்பக்கத்தால் வெளியே வர முடியாமல் போவது பிக்கப்பின் இயல்பான பலவீனம். அதில் தாழ்வாகத் தொங்கும் டிரெய்லர் கொக்கியையும் மாட்டினால் கோணம் இன்னும் குறையும்.

காட்டுப் பாதையில் மரங்களுக்கு நடுவே திரும்பும்போதும் நீள வண்டி ஒரே வீச்சில் திரும்பாது, பின்னால் எடுத்து எடுத்துத்தான் திருப்ப வேண்டும். பாறையும் ஒடுக்கமான வளைவும்தான் உங்கள் பாதை என்றால் குட்டை வீல்பேஸ் எஸ்யூவிதான் சுகம். 2,250 மிமீ வீல்பேஸ் கொண்ட மூன்று கதவு சுஸுகி ஜிம்னி பெரிய வண்டிகள் திணறும் இடத்தில் புகுந்து வருவதற்கு இதுவே பெரிய காரணம்.

ஆனால் நீள வீல்பேஸுக்கும் நல்ல குணம் உண்டு. செங்குத்தான ஏற்றத்தில் முன்பக்கம் சட்டென்று லேசாகாது. அலை அலையான மண் சாலையில் குட்டை வண்டி முன்னும் பின்னும் குதிக்க, நீள வண்டி நிதானமாகப் போகும். திறந்த நிலம், நீண்ட மண் சாலை என்றால் பிக்கப் எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

படி 5: பின் இருக்கையும் சாமான் இடமும்

டபுள் கேப் பிக்கப்பில் பின் இருக்கைக்குப் பின்னால் உடனே கேபின் சுவர். அதனால் பல மாடல்களில் சாய்மானம் நிமிர்ந்தே இருக்கும், சாய்க்க முடியாது. அரை மணி நேரத்துக்குத் தெரியாது, நாலு மணி நேரத்தில் முதுகு சொல்லும். வயதானவர்களும் குழந்தைகளும் அடிக்கடி வருவார்கள் என்றால் அவர்களையே கூட்டிப்போய் உட்காரவைத்துப் பாருங்கள். ஏழு பேர் போக வேண்டுமென்றால் எஸ்யூவிதான், ஆனால் மூன்றாவது வரிசையில் ஆள் ஏறிவிட்டால் சாமானுக்கு மிச்சம் கைப்பை வைக்கும் இடம்தான்.

பிக்கப்பின் தொட்டியோ தனி உலகம். சேறு, மீன் வலை, சிமெண்ட், பெட்ரோல் கேன் எதுவும் உங்கள் மூச்சுக்காற்றில் கலக்காது. வேலை முடிந்ததும் குழாயைப் பிடித்துக் கழுவிவிடலாம். எஸ்யூவியில் பெட்ரோல் கேனை உள்ளே வைக்கவே கூடாது. கனமான பெட்டிகளை வைத்தால் இருக்கைக்குப் பின்னால் இரும்புத் தடுப்பு வேண்டும், இல்லையென்றால் திடீர் பிரேக்கில் அவை முன்னால் பாயும். பதிலுக்கு எஸ்யூவியில் பூட்டிவிட்டு நிம்மதியாகப் போகலாம். பிக்கப்பில் அந்த நிம்மதிக்கு மூடியோ கேனப்பியோ தனியாக வாங்க வேண்டும். அப்புறமும் டெயில்கேட் இடுக்கு வழியே புழுதி வரும், ரப்பர் பட்டை ஒட்டினால் குறையும்.

படி 6: நான்கு சக்கர இயக்கம்

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பார்ட்-டைம் வகையில் முன் அச்சும் பின் அச்சும் நேராக இணைந்துவிடும். அதனால் காய்ந்த தார்ச் சாலையில் நான்கு சக்கரத்தில் ஓட்டக்கூடாது. திரும்பும்போது சக்கரங்கள் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருப்பதால் இழுபட்டு, கியர் பகுதிகள் இறுகும். நடுவில் டிஃபரன்ஷியல் (இரண்டு அச்சையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் அமைப்பு) உள்ள ஃபுல்-டைம் வகையில் அந்தக் கவலை இல்லை, மழைச் சாலையில் பெரிய துணை. காலிப் பிக்கப்பின் பின்பக்கம் லேசு, ஈரமான வளைவில் பின் சக்கரம் வழுக்கப் பார்க்கும். மழை அதிகம் ஓட்டுபவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள். லோ ரேஞ்ச், பின் டிஃபரன்ஷியல் லாக் (பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே வேகத்தில் சுழல வைப்பது) இரண்டும் எந்த வண்டியானாலும் இருக்கட்டும்.

படி 7: ஓட்டிப் பாருங்கள்

கடைக்காரர் காட்டும் நல்ல சாலையில் ஓட்டி ஒன்றும் தெரியாது. வேகத்தடையும் குழியும் உள்ள தெருவுக்குப் போங்கள். காலிப் பிக்கப்பின் லீஃப் ஸ்பிரிங் தூக்கிப் போடும். 200 கிலோ ஏற்றிவிட்டால் அதே வண்டி அமைதியாகிவிடும். ஆகவே எப்போதும் ஏதாவது ஏற்றியே ஓட்டுபவருக்கு அது குறையே இல்லை. 2014-இல் அறிமுகமான நிஸான் நவாரா தலைமுறையின் பல டபுள் கேப் வண்டிகளைப் போலப் பின்னால் காயில் ஸ்பிரிங் வைத்த பிக்கப்புகளும் உண்டு. காலியாகத்தான் அதிகம் ஓடும் என்றால் அப்படி ஒன்றைத் தேடிப் பாருங்கள். அடுத்து ஒரு யூ-டர்ன். பிறகு வீட்டில் வண்டி நிற்கும் இடத்தை டேப்பால் அளந்து, 5.3 மீட்டர் நீளம் உள்ளே போகுமா, அதற்கு மேல் டெயில்கேட்டைத் திறக்க இடம் இருக்குமா என்று பாருங்கள்.

இவ்வளவும் செய்தபின் இரண்டும் சமமாகத் தெரிந்தால், என் தேர்வு எஸ்யூவி. தொட்டி தேவைப்படுபவருக்கு அது மூன்றாவது படியிலேயே தெரிந்திருக்கும். தெரியவில்லையென்றால் வருடம் முழுக்கக் காலித் தொட்டியைச் சுமந்து ஓட்டுவதில் பயன் இல்லை, வண்டி நிறுத்தும் தலைவலிதான் மிஞ்சும்.

வாங்கிய கையோடு வண்டியை உயர்த்துவது, விளக்கு மாட்டுவது எதுவும் வேண்டாம். கையில் பணம் இருந்தால் நல்ல ஆல்-டெரெய்ன் (தார்ச் சாலை, மண் இரண்டுக்கும் ஏற்ற) டயர், காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், சின்ன ஏர் கம்ப்ரஸர். மணலில் காற்றை 15 முதல் 20 பிஎஸ்ஐ வரை இறக்கினாலே பாதிச் சிக்கல் தீரும். தார்ச் சாலைக்கு வந்ததும் மறக்காமல் பழைய அளவுக்கு ஏற்றிவிடுங்கள்.